பூட்டிய பக்கங்கள்

பாதுகாப்புக் கொள்கையை அரசின் மூடிய அறையிலிருந்து பொது விவாதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். ஐ.ஏ.எஸ். அதிகாரியான அவர், தில்லியில் உள்ள பாதுகாப்பு ஆய்வு மற்றும் பகுப்பாய்வு நிறுவனத்தின் இயக்குநராக 1968-லும், மீண்டும் 1980-லும் பொறுப்பேற்றார்.

கார்கில் போருக்குப் பின் 1999-ல் வாஜ்பாய் அரசு அமைத்த ஆய்வுக் குழுவுக்கு அவரே தலைவர். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் முழுநேரப் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றது குழு. அப்போது அப்பதவியை வகித்தவரோ பிரதமரின் முதன்மைச் செயலர்! நியமித்த அரசு முகம் சுளிக்குமே என்று சுப்ரமணியம் தயங்கவில்லை. பதவிகள் பிரிக்கப்பட்டது 2004-ல், ஆட்சி மாறிய பிறகுதான். தொடர்ந்து அமைச்சர்கள் குழு 2001-ல் பரிந்துரைத்த முப்படைத் தலைமைத் தளபதி பதவிக்கு 2020 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தமக்கு அறிவிக்கப்பட்ட பத்மபூஷண் விருதை ஏற்க மறுத்தவர் அவர். அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசிடம் விருது பெறலாகாது என்பது அவரது நிலை. இத்தகைய ஒருவர் தந்த அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, சில பகுதிகள் பாதுகாப்பைக் காரணம் காட்டி நீக்கப்பட்டன. 2011-ல் அவரும் மறைந்துவிட்டார். கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அப்பக்கங்களைப் பூட்டி வைப்பது யாரைக் காக்க? அடுத்த கூட்டத்தொடரிலேயே அவற்றை அரசு அவையில் வைக்க வேண்டும்.