ஜெபிக்கிற கையும் பீ அள்ளுற கையும்

ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன். கோடு போட்ட சாதாரண நோட்டு. அட்டையில் 'நலம் விசாரிப்புக் குழு' என்று எழுதி மேலே ஒரு சிலுவை வரைந்திருக்கும். 2021-ல் கொரோனா இரண்டாம் அலை அடித்து ஓய்ந்த சமயத்தில் எங்கள் சபையில் இந்தக் குழுவை ஆரம்பித்தார்கள். எந்தச் சபை என்று சொல்லப் போவதில்லை. பெயரைப் போட்டால் மற்ற சபைக்காரர்கள் எல்லாம் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

நான் எருமப்பட்டிப் பக்கம். நாமக்கல்லிலிருந்து துறையூர் போகிற ரோட்டில், கொல்லிமலையைப் பார்த்தபடி இருக்கிற ஊர். ஊர் வேறு, எங்க தெரு வேறு என்பதை இந்தப் பத்திரிகை வாசிக்கிற தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வார நாளில் கோழிப்பண்ணையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி டவுன் கோயிலுக்குப் போவோம்.

"படுக்கையில கெடக்கிறவங்க, வயசானவங்க, தனியா இருக்கிறவங்க எல்லாரையும் சபையே ஒரு குடும்பமா இருந்து பாத்துக்கணும். விருப்பப்பட்டவங்க பேர் கொடுங்க" என்று ஐயர் ஆராதனை முடிவில் சொன்னார். முதல் பேர் என்னுடையது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கொரோனாவில் சனங்க ஒண்டியாகச் செத்ததைப் பார்த்தவன் நான். மனுசனுக்கு மனுசன் பக்கத்தில் உட்கார்வதைவிடப் பெரிய பிரசங்கம் இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த நோட்டில் ஸ்கேல் வைத்து இரண்டு கட்டம் போட்டிருந்தார்கள். ஒன்று 'ஜெபம்'. இன்னொன்று 'உதவி'. ஜெபக் கட்டத்தில் ரிட்டையர்டு வாத்தியார், பேங்கில் இருந்தவர், கமிட்டி மூப்பர்கள், அவர்களுடைய வீட்டம்மாக்கள். உதவிக் கட்டத்தில் நான், எங்க தெரு அக்கா ரெண்டு பேர், கோயிலில் டிரம் அடிக்கிற பையன். யாரும் யார் சாதியையும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை இல்லை. நடுவில் போட்ட கோடே எழுதிவிட்டது.

எனக்குக் கொடுத்த முதல் வீடு வாதம் அடித்துப் படுத்திருந்த ஒரு பெரியவர். காலை ஆறு மணிக்குப் போய்த் துணி மாத்தணும், பீ மூத்திரம் எடுக்கணும், உடம்பு துடைக்கணும், முதுகில் புண் வராமல் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்கணும். பகலில் அக்காமார் பார்ப்பார்கள். சாயங்காலம் பண்ணை விட்டு வந்து மறுபடி நான். வாரம் ஒருநாள் ஜெபக் கட்டம் வரும். நாற்காலி போடுவார்கள். வேதம் வாசித்து, பாட்டுப் பாடி, கண்ணை மூடி ஜெபித்து, பலகாரம் காப்பி சாப்பிட்டுப் போவார்கள். எங்களுக்கும் காப்பி உண்டு. எங்க டம்ளர் பின்கட்டு ஜன்னல் மேட்டில் தனியாக இருக்கும். ஏனுங்கம்மா என்று ஒருநாள் கேட்டேன். "நோயாளி வீடு பாரு கண்ணு, தொத்து வந்துறக் கூடாதில்ல" என்றார்கள். வாதம் தொத்துகிற வியாதி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வாத்தியாருக்குத் தொத்தாதாம், எனக்கு மட்டும் தொத்துமாம்.

அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சாகிறதுக்கு முந்தின வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. வாய் வராத மனுசனுக்கு இருந்த வெட்கம் வாயுள்ளவர்களுக்கு இல்லை.

பிறகு எங்கம்மா விழுந்தது. இடுப்பெலும்பு முறிந்து மூணு மாசம் படுக்கை. நோட்டில் அம்மா பேரையும் எழுதினார்கள். ஜெபக் கட்டம் ஒரே ஒருநாள் வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று. உள்ளே வாங்க என்றேன். "இருக்கட்டும் தம்பி, நேரமாச்சு" என்று வாசப்படியில் நின்றபடியே ஜெபித்தார்கள். உதவிக் கட்டத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? என் பேர். என் தாய்க்கு நானே தொண்டர்.

*

கமிட்டியில் எழுந்து கேட்டேன். மூணு பதில் வந்தது. மூணையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இது எங்க சபையின் பதில் மட்டுமல்ல, தமிழ்நாட்டுத் திருச்சபை மொத்தத்தின் பதில்.

முதல் பதில்: "தொண்டுல கணக்குப் பாக்கலாமா?"

பார்க்கலாம். வேதமே பார்த்திருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை எடுங்கள். எருசலேம் சபையில் அன்றாடம் சோறு பங்கிட்டார்கள். கிரேக்க மொழி பேசுகிறவர்களின் விதவைகளுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. அவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் "கணக்குப் பாக்காதீங்க, ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லவில்லை. சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். யார் ஓரவஞ்சனை என்று புகார் செய்தார்களோ அந்தப் பக்கத்து ஆட்கள் கையில் பந்தியைக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, சபையின் முதல் நலம் விசாரிப்புக் குழு பக்தியில் பிறந்ததல்ல, புகாரில் பிறந்தது. 'விசாரணை' என்றே தமிழ் வேதம் அதைச் சொல்கிறது. என்னைக் கமிட்டியில் விசாரித்ததும் விசாரணைதான். எங்கம்மாவை யாரும் விசாரிக்காதது பற்றி விசாரணை இல்லை.

இரண்டாவது பதில்: "உங்களுக்குக் கைப்பழக்கம் இருக்கு தம்பி. எங்களுக்குக் கொமட்டும்."

இதுதான் மனுதர்மம். பிறப்பால் ஒருத்தன் கை மலத்துக்கும் ஒருத்தன் கை மந்திரத்துக்கும் என்று சொல்வதுதான் சாதி. அதை ஞானஸ்நானத் தண்ணீரில் முக்கி எடுத்து 'வரம்' என்று பெயர் வைக்கிறார்கள். எனக்கு ஊழிய வரமாம். ஊழியம்! இந்த வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. ஒடுக்கப்பட்ட சாதிகள் அரசாங்கத்துக்கும் கோயிலுக்கும் சுமக்க வேண்டிய சுமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்தவர்களானவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது ஊழியத்திலிருந்து விலக்கு வேண்டும் என்று மிஷனரிகள் அரசிடம் வாதாட வேண்டியிருந்தது. அன்றைக்குக் கோயிலுக்குப் போக வேண்டும் என்பதற்காக ஊழியத்திலிருந்து விடுதலை. இன்றைக்குக் கோயிலுக்குப் போய்த்தான் எனக்கு ஊழியம் கிடைத்திருக்கிறது.

கொமட்டல் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கும் கொமட்டியது. முதல் வாரம் சோறு இறங்கவில்லை. பீ எல்லாருக்கும் பீதான். அதை அள்ளப் பிறந்த மூக்கு என்று ஒரு மூக்கு கிடையாது. பழகிக்கொண்டேன், அவ்வளவுதான். வாத்தியாரும் பழகலாம்.

மூன்றாவது பதில்: "இயேசு சீசருங்க காலைக் கழுவுனாரு."

ஆமாம், கழுவினார். யார் கழுவினார் என்று கவனியுங்கள். கால் கழுவுவது அந்தக் காலத்தில் அடிமை செய்கிற வேலை. மேசைக்குத் தலைமையில் இருந்தவர் எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, துண்டைக் கட்டிக்கொண்டு கழுவினார். ஏற்கெனவே கால் கழுவிக்கொண்டிருந்த அடிமையைக் கூப்பிட்டு, "இன்னும் பன்னெண்டு கால் கழுவு, அன்பு என்றால் இதுதான்" என்று சொல்லவில்லை. பெரிய வியாழக்கிழமை கோயிலில் பேசின் வைத்து, முன்கூட்டியே சோப்புப் போட்டுக் கழுவி வந்த பன்னிரண்டு காலுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள், வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கே இருந்தார்கள்?

*

இது நேற்று வந்த வியாதி இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடி மிஷனில் ராஜநாயக்கன் என்று ஓர் உபதேசியார் இருந்தார். பறையர் சமூகத்தில் பிறந்தவர், பட்டாளத்தில் இருந்தவர். தஞ்சாவூர்ச் சீமையில் அடியும் உதையும் பட்டுச் சபைகளை வளர்த்தவர். 1733-ல் வேளாளரான ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். ராஜநாயக்கனுக்குக் கடைசி வரை கொடுக்கவில்லை. மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். நோயாளியைத் தொடலாம், பிணத்தைத் தொடலாம், அப்பத்தைத் தொடக் கூடாது. எங்க நோட்டில் இருக்கிற கோடு அன்றைக்குப் போட்டது.

அம்பேத்கர் இந்த வேடத்தை அப்போதே பிடித்துவிட்டார். மதம் மாறியவர்களின் நிலை பற்றி எழுதும்போது, மிஷன்களின் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பெரும்பாலும் மேல்சாதி இந்துக்களுக்கே பயன்பட்டன, கிறிஸ்தவர்களான தீண்டப்படாதவர்களுக்கு அல்ல என்று கணக்குக் கேட்டார். சேவை யார் பெயரில், பலன் யாருக்கு என்ற அதே கேள்வி.

2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களை அதே மதத்து ஆதிக்கசாதியினர் தாக்கினார்கள். போலீசு சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். 2016 டிசம்பரில்தான் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித்துகளுக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ளவே இத்தனை காலம்! மற்ற சபைக்காரர்கள் சிரிக்க வேண்டாம், உங்க நோட்டையும் எடுத்துப் பாருங்கள்.

2020 ஏப்ரலில் சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தபோது, புதைக்க விடாமல் கல்லால் அடித்தார்கள். அவருடைய சகாவான இன்னொரு டாக்டர் ராத்திரியில் தானே மண்வெட்டி பிடித்து மண் தள்ளி மூடினார். நாடே அழுதது. நானும் அழுதேன். அழுது முடித்ததும் ஒன்று தோன்றியது. ஒரு டாக்டர் ஒருநாள் குழி மூடினால் தியாகம். எங்க சித்தப்பன் ஆயுசு பூரா குழி வெட்டினால் அது அவன் தொழில். வேலை ஒன்றுதான். செய்கிறவன் பிறப்பை வைத்து அதற்குப் பெயர் மாறுகிறது.

*

"சபையை விட்டு வெளியே வா தோழர்" என்கிறார்கள் சில நண்பர்கள். வரலாம். படுக்கையில் கிடக்கிற கிழவியை யாரிடம் விட்டுவிட்டு வருவது? பராமரிப்பு என்பது ஆதிக்கசாதிக்காரன் கண்டுபிடித்ததல்ல. எங்க தெருவில் ஒருத்தருக்குக் காய்ச்சல் என்றால் நாலு வீட்டில் கஞ்சி காயும். அது நம்ம சொத்து. அதை அவர்கள் கட்டம் போட்டு அள்ளிக்கொண்டு போக விட மாட்டேன்.

எங்க கண்ணுக்கு எதிரே நிற்கிற கொல்லிமலையில் ஒரு சாட்சி உண்டு. முதல் உலகப்போர் முடிகிற காலத்தில் விஷக்காய்ச்சல் பரவியபோது, மிஷனரிகளை எதிர்த்துக்கொண்டிருந்த பூசாரி ஒருவர் படுத்துவிட்டார். சொந்த சனம் கிட்டே அண்டவில்லை. ஜெஸ்ஸி பிராண்டும் மனைவி எவ்லினும் போய்ப் பார்த்தார்கள். அவர் சாகும்போது தன் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். பிராண்டு 1929-ல் மலேரியா முற்றி அந்த மலையிலேயே செத்தார். வெள்ளைக்காரனைத் தூக்கிப் பிடிக்க இதைச் சொல்லவில்லை. எங்க ஐயரே இந்தக் கதையைக் கண்ணீர் விட்டுப் பிரசங்கிப்பார். அவரிடம் ஒன்றுதான் கேட்கிறேன். பிராண்டு அந்த வீட்டு வாசப்படியில் நின்றா ஜெபித்தார்?

இனி நம்ம பக்கம். பறையர் தெருவில் விசாரிக்கப் போகிற நம்ம ஆளே சக்கிலியர் தெரு என்றால் "நாளைக்குப் பாக்கலாம்" என்கிறான். அவன் மனசிலும் ஒரு நோட்டு இருக்கிறது. எங்க உதவிக் கட்டத்தில் ஆம்பளை ரெண்டு, பொம்பளை ரெண்டு. ஆனால் பகல் பூரா வேலை அக்காமாருக்கு. மூணு மாசம் எங்கம்மாவைக் குளிப்பாட்டியது நானில்லை, என் தங்கச்சி. நோட்டில் எழுதியிருந்தது என் பேர்! இயக்கத்திலும் இதே கதைதான். தோழர் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தால் கண்டன உரைக்கு நாற்பது பேர். மூத்திரச் சட்டி எடுக்க அவன் பொண்டாட்டி ஒருத்தி. உரை வீசுகிற கையும் சட்டி எடுக்கிற கையும் வேறு வேறாக இருக்கிற வரை நாமும் கட்டம் போடுகிறவர்கள்தான்.

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. நோட்டில் ஒரே கட்டம் இருக்கட்டும். பேர் கொடுத்தவர் ஜெபிக்கவும் வேண்டும், பீ அள்ளவும் வேண்டும். முறை வைத்துச் சுற்றி வரட்டும், மூப்பருக்கும் ஒரு முறை, ஐயருக்கும் ஒரு முறை. எங்க தெருவிலும் உள்ளே வந்து பாயில் உட்காரட்டும், எங்க டம்ளரில் தண்ணி குடிக்கட்டும். யாரை யார் பார்ப்பது என்று தீர்மானிக்கிற இடத்தில், ஆறாம் அதிகாரப்படி, முறுமுறுத்தவர்கள் உட்காரட்டும். மாட்டேன் என்று சொல்ல எனக்கும் உரிமை இருந்தால்தான் நான் செய்வது தொண்டு. அந்த உரிமை வாத்தியாருக்கு மட்டும் இருந்தால் நான் செய்வது பழைய ஊழியம்.

கமிட்டி இன்னும் பதில் சொல்லவில்லை. போன மாதம் நோட்டு என் கைக்கு வந்தபோது நடுக்கோட்டை ரப்பர் வைத்து அழித்துப் பார்த்தேன். பேனாவில் போட்டது, அழியவில்லை. அதனால் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் கோடு போடாமல் எல்லார் பேரையும் வரிசையாக எழுதினேன். நாளைக் காலை ஆறு மணி முறைக்கு நேராக மூப்பர் பேர் இருக்கிறது. வருகிறாரா என்று வாசலில் நின்று பார்க்கப் போகிறேன். அவர் வராவிட்டாலும் அந்தப் படுக்கைக்காரி நனைந்த துணியில் கிடக்க மாட்டாள், நான் போவேன். ஆனால் நோட்டில் என் பேரை எழுத மாட்டேன். 'மூப்பர் வரவில்லை' என்று எழுதுவேன். அதற்குக் கீழே தேதி போடுவேன்.