புளிப்புக்குப் பயப்படாத பூஞ்சணம்

போன மாதம் காலை நிகழ்ச்சியில் ஒரு நேயர் அழைத்தார். எலுமிச்சை ஊறுகாயின் மேல் பஞ்சு மாதிரி பூஞ்சணம் பூத்திருக்கிறதாம், கீழே உள்ளதைச் சாப்பிடலாமா என்று கேட்டார். "உப்பும் புளிப்பும் இருக்கே, மேலாக எடுத்துப் போட்டுட்டு தாராளமா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். எங்கள் வீட்டில் அம்மா அப்படித்தானே செய்வார்!

நான் சொன்னது தவறு.

புளிப்பில் எதுவும் வாழாது என்பது அம்மாவின் நம்பிக்கை. அதில் பாதி உண்மை. புளிப்பை அளக்கும் பிஎச் எண் குறையக் குறைய, புளிப்பு கூடும். ஆளையே கொல்லும் நஞ்சைச் சுரக்கும் பொட்டுலினம் பாக்டீரியா 4.6-க்குக் கீழே வளராது. எலுமிச்சைச் சாறு 2 சொச்சம்தான். ஆனால் பல பூஞ்சணங்கள் 3-லும் சாவகாசமாக வளரும். போட்டிக்கு வரும் பாக்டீரியாக்களைப் புளிப்பே விரட்டிவிடுவதால் அவற்றுக்குக் கொண்டாட்டம்.

குளிர்பானப் போத்தலில் 'சிட்ரிக் அமிலம்' என்று போட்டிருக்குமே, அதை ஆஸ்பெர்கில்லஸ் நைஜர் என்ற கறுப்புப் பூஞ்சணத்தை வளர்த்துத்தான் தொழிற்சாலைகளில் எடுக்கிறார்கள். புளிப்பைத் தானே தயாரிக்கிற ஒன்றை, புளிப்பைக் காட்டிப் பயமுறுத்த முடியுமா?

நஞ்சுக்கும் இதே கதைதான். நிலக்கடலையில் வரும் அஃப்லாடாக்சின், ஆய்வுக்கூடத்தில் காரத்தன்மையைவிட அமிலத்தன்மையில்தான் அதிகம் உண்டாகிறது. அழுகிய ஆப்பிளில் உண்டாகும் பட்டுலின் புளிப்பான சாற்றில் சிதையாது, சூடாக்கினாலும் முழுதாகப் போகாது. அதனால்தான் ஆப்பிள் சாற்றில் அது கிலோவுக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று அனைத்துலக உணவுத் தரவிதி இருக்கிறது.

எல்லாப் பூஞ்சணமும் நஞ்சு சுரப்பதில்லை. எது சுரக்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். சில பூஞ்சணங்கள் அமிலத்தையே தின்றுவிடும். அவற்றின் அடியில் புளிப்பு இறங்கினால், பொட்டுலினத்துக்கும் கதவு திறக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "உங்க பாட்டி காலத்திலேர்ந்து இப்படித்தான், யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். பாட்டி ஏன் ஊறுகாய் மூழ்கும்வரை நல்லெண்ணெய் ஊற்றினார் என்று கேட்டேன். "காத்துப் படக்கூடாதுன்னுதான்." பூஞ்சணம் வளரக் காற்று வேண்டும். பாட்டியின் ஜாடியில் அதைத் தடுத்தது எண்ணெய். நாங்கள்தான் கொழுப்பு என்று எண்ணெயைக் குறைத்தோம், ஈரக் கரண்டியையும் விட்டோம்.

பூத்திருந்த அரை ஜாடியைக் கொட்ட அம்மாவுக்கு மனம் வரவில்லை. நான் கொட்டினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அழைத்த நேயரே, நீங்களும் கொட்டிவிடுங்கள்.