பளிக்கறையும் ஒரு கண்ணாடிப் பெட்டியும்

மணிமேகலையின் பளிக்கறையைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். உவவனத்துப் பளிங்கு மண்டபம் உள்ளிருப்போரின் உருவை வெளியே காட்டும். ஓசையை வெளியே விடாது. தேடி வரும் உதயகுமரன், உள்ளே நிற்பவளை முதலில் ஓவியம் என்றே எண்ணி வியக்கிறான். பின்னர் அவளே எனத் தெளிந்து, மண்டபத்தைக் கையால் தடவிச் சுற்றி வருகிறான். 'மிகைக் கற்பனை' என்று குறிப்பெழுதச் சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குச் செல்வது என் வழக்கம்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "கண்ணுக்குத் தெரிகிறவளை ஏன் ஐயா கையால் தேடுகிறான்?" என்று கேட்டாள். "அதுதான் கவிநயம்" என்றேன். அவள் அமர்ந்துவிட்டாள். அது விடையன்று என்பதை அவளும் அறிவாள், நானும் அறிவேன்.

அந்த உறுத்தலில்தான் ஓர் ஒளிச்சிற்பம் செய்யத் துணிந்தேன். பெரிய வேலையொன்றும் இல்லை. இரண்டு அங்குல ஆழத்தில் ஒரு மரச்சட்டம். பின்புறம் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி. முன்புறம் வெறும் கண்ணாடி. அதன்மேல் பளபளப்பான சன் ஃபிலிம். அது பாதி ஒளியைத் திருப்பியனுப்பி, மீதியில் ஒரு பகுதியை வெளியே விடும். இரண்டுக்கும் நடுவே, சட்டத்தின் உட்சுவர்களில் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை. அவ்வளவே. அறை விளக்கை அணைத்து இதை ஏற்றினால், இரண்டு அங்குலப் பெட்டி ஆழ்கிணறாகிவிடுகிறது. விளக்கு வரிசைகள் இரண்டிரண்டு அங்குலமாகப் பின்வாங்கி, எங்கோ இருளில் கரைகின்றன.

முதலில் செய்த பெட்டியில் சட்டம் சற்றுக் கோணியிருந்தது. கண்ணாடிகள் இணையாக அமையாததால் சுரங்கம் ஒரு பக்கமாக வளைந்து போயிற்று. மயிரிழை பிசகினாலும் எல்லையின்மை திசைமாறிவிடும் என்று அன்று கற்றுக்கொண்டேன். இரண்டாவது பெட்டி நேராக அமைந்தது.

இதையெல்லாம் 'பொருட்காட்சி வேடிக்கை' என்று தள்ளும் நண்பர்கள் உண்டு. மொகோலி-நாகி 1930இல் சுழலும் உலோகத் தகடுகளின் நிழல்களைச் சுவரெங்கும் படரவிட்டார். யயோய் குசாமா 1965இல் நியூயார்க்கில் தம் முதல் முடிவிலிக் கண்ணாடி அறையை அமைத்தார். ஜேம்ஸ் டரெல் 1966இல் அறையின் மூலையில் வெறும் ஒளியைப் பாய்ச்சி, அங்கே ஒரு கனசதுரம் மிதப்பதாகத் தோன்றச் செய்தார். இன்று இத்தகைய அறைகளுக்குச் செல்வோர் பலர் செல்பேசியில் தம்மையே படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள் என்பது மெய்தான். ஆயினும் பார்ப்பவர்களின் அவசரத்தைக் கலையின் குறையாகக் கொள்வது முறையாகாது.

வேடிக்கைக்கும் கலைக்கும் நான் காணும் வேறுபாடு இது. சூழ்ச்சி தெரிந்ததும் வேடிக்கை செத்துவிடும். கலை தெரிந்த பின்னும் நிற்கும். இந்தப் பெட்டியை என் கையால் ஒட்டியவன் நான். பின்கண்ணாடிக்கு அப்பால் சுவர்தான் இருக்கிறது என்று அறிவேன். கணக்கும் அறிவேன்: ஒவ்வொரு சுற்றிலும் ஒளி பாதியாகக் குறைகிறது என்று கொண்டால், பத்துச் சுற்றில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். நாம் எல்லையின்மை என்று மயங்குவது சில வரிசைகள் மட்டுமே. இத்தனை தெரிந்தும் கண் ஒப்புக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் அது கிணற்றில் விழுகிறது. அறிவு வேறு, காட்சி வேறு என்பதை எந்த உரையாசிரியரும் எனக்கு இவ்வளவு தெளிவாக உணர்த்தியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறை விளக்கை ஏற்றியதும் கிணறு மறைந்து, கண்ணாடியில் என் முகம் தெரிகிறது. வெளியே ஒளி மிகுந்தால் பார்ப்பவன் தன்னையே காண்பான். உள்ளே ஒளி மிகுந்தால்தான் உள்ளிருப்பதைக் காண்பான். நாங்கள் பாடம் நடத்துவதும் பெரும்பாலும் முதல் வகைதானோ என்று ஐயுறுகிறேன். குறிப்பும் கோட்பாடுமாக வெளியே அத்தனை விளக்குகளை ஏற்றிவிட்டு, நூலில் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சாத்தனாரின் பளிங்கும் என் பெட்டியும் ஒன்றல்ல. அது உள்ளே இருப்பதைக் காட்டியது. இது இல்லாததைக் காட்டுகிறது. எனினும் இரண்டிலும் பார்ப்பவன் நிலை ஒன்றே. கண் ஆழத்தைச் சொல்கிறது, தடுப்பைச் சொல்ல மறுக்கிறது.

பெட்டியை வகுப்பிற்கு எடுத்துச் சென்றேன். சன்னல்களை அடைத்துவிட்டு, முதலில் அந்த மாணவியைத்தான் அழைத்தேன். சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டாள். அப்புறம் பெட்டியின் பின்புறத்தைத் தடவினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தன் கை செய்வதைத் தானே பார்த்து அவள் சிரித்துவிட்டாள்.

தமிழ்த்துறைகளில் கைவேலைக்கு இடமில்லை என்பது நம் பழைய குறை. பாட்டில் வரும் பொருளைத் தொட்டுப் பார்க்காமலே அதை அணிக்குள் அடைத்துவிடுகிறோம். இவ்வாண்டுக் குறிப்பேட்டில் 'மிகைக் கற்பனை' என்ற தொடரை நான் அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.