சந்தாவும் வருகையும்



உடற்பயிற்சிக் கூடத்தில் ஆண்டுச் சந்தா செலுத்தலாமா என்று நம் பங்கின் இளந்தந்தை ஒருவர் வினவினார். சர்க்கரையைக் குறைக்குமாறு மருத்துவர் எச்சரித்திருந்தார். பணமோ மகளின் பள்ளிக் கட்டணத்திற்கெனச் சேர்த்தது. "மாதம் 1,200, நாளொன்றுக்கு நாற்பது ரூபாய்தானே, சுவாமி!" என்றார்.

வகுக்க வேண்டியது நாட்காட்டியின் நாள்களால் அன்று, கூடத்திற்குச் செல்லும் நாள்களால். நான்கு முறையே சென்றால் நாற்பது முந்நூறாகிவிடும்.

இது வீண் அச்சமன்று. அமெரிக்காவில் மூன்று கூடங்களின் வருகைப் பதிவுகளை ஆராய்ந்து, டெல்லவிக்னா, மால்மெண்டியர் என்னும் பொருளியலறிஞர் இருவர் 2006இல் கட்டுரை வெளியிட்டனர். மாதம் 70 டாலருக்கு மேல் செலுத்தியோர் சராசரியாக 4.3 முறையே சென்றனராம். வருகைக்கு 17 டாலருக்கு மேல்! பத்து வருகைச் சீட்டு வாங்கியிருப்பின் வருகைக்குப் பத்து டாலரே.

"முதலில் ஒரு மாதத்திற்கு மட்டும் கட்டி, சென்ற நாள்களைக் குறித்து வாருங்கள்" என்றேன்.

"ஆண்டுச் சந்தாவுக்குத் தள்ளுபடி உண்டே" என்று அவர் முணுமுணுக்க, உடன்வந்த மனைவியார் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.