துரோகிப் பட்டம் கொடுக்க நாம் யார்?



உங்கள் ஊரில் எத்தனை பள்ளிவாசல்கள் இருக்கின்றன? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அவற்றில் இடம் போதாமல் கட்டப்பட்டவை எத்தனை? மனம் போதாமல் கட்டப்பட்டவை எத்தனை? ஒரே தெருவில் இரண்டு ஜும்ஆ. ஒரே குடும்பத்தில் இரண்டு பெருநாள். அண்ணன் வீட்டு நிக்காஹுக்குத் தம்பி போவதில்லை. ஏன் என்று கேட்டால் இரு தரப்பும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "அவன் சமுதாயத் துரோகி!"

இந்தப் பட்டத்தைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறோம். சமுதாயத்தில் துரோகமே நடக்கவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நடக்கிறது! வக்ஃபு நிலத்தை அற்ப வாடகைக்குத் தன் ஆட்களுக்கே விட்டவர்கள் இருக்கிறார்கள். பைத்துல்மால் கணக்கைக் கேட்டவரை ஊர்விலக்கம் செய்தவர்கள் இருக்கிறார்கள். தேர்தல் வந்தால் ஊர் மக்களின் ஓட்டைப் பேரம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். 'ஒற்றுமை, ஒற்றுமை' என்று கூறி இவற்றை மூடி மறைப்பது ஒற்றுமை அல்ல. திருட்டுக்குப் போர்த்தும் போர்வை அது.

அப்படியானால் நம்மவரே நம் முதுகில் குத்தும்போது நாம் என்ன செய்ய வேண்டும்? நபி (ஸல்) அவர்களுக்கு இந்த நிலை ஏற்படவில்லையா? அவர்கள் என்ன செய்தார்கள்?

உஹதில் நடந்தது

ஹிஜ்ரி 3 (கி.பி. 625). உஹத் போருக்குப் புறப்பட்டவர்கள் சுமார் 1000 பேர். மதீனாவுக்குள் இருந்தே போரிடலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் எண்ணம். வெளியே செல்ல வேண்டும் என்று பலர் ஆர்வம் காட்டியதால் அதன்படியே புறப்பட்டார்கள். பாதி வழியில் அப்துல்லாஹ் பின் உபை 300 பேருடன் திரும்பி விட்டான். மலைக் கணவாயில் நிறுத்தப்பட்ட 50 வில் வீரர்களில் பெரும்பாலோர், இடத்தை விட்டு அசையக் கூடாது என்ற கட்டளையை மறந்து கீழே இறங்கினார்கள். விளைவு? ஹம்ஸா (ரலி) உட்பட 70 பேர் ஷஹீதானார்கள். நபியவர்களின் முகமே காயப்பட்டது.

இதற்குப் பிறகு இறங்கிய இறைக்கட்டளை என்ன? அவர்களை மன்னிக்க வேண்டும். அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேட வேண்டும். காரியங்களில் அவர்களோடு தொடர்ந்து கலந்தாலோசிக்க வேண்டும் (3:159).

கவனியுங்கள்! ஆலோசனையின் முடிவு இழப்பில் போய் நின்றது. அப்படியும் ஆலோசனையைக் கைவிடச் சொல்லவில்லை. நம் காலத்து நிர்வாகியாக இருந்தால் என்ன செய்திருப்பார்? பொதுக்குழுவையே கலைத்திருப்பார்!

சிக்கிய கடிதம்

ஹிஜ்ரி 8. மக்காவை நோக்கிய பயணத்துக்கு இரகசியமாக ஏற்பாடு நடக்கிறது. ஹாத்திப் பின் அபீபல்தஆ (ரலி) அந்த இரகசியத்தைக் குறைஷிகளுக்கு எழுதி ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். அலி (ரலி), ஸுபைர் (ரலி), மிக்தாத் (ரலி) ஆகியோர் விரைந்து சென்று அவளை வழிமறித்துக் கடிதத்தைக் கைப்பற்றினார்கள்.

கையும் களவுமாகப் பிடிபட்ட குற்றம் இது. இராணுவ இரகசியம்! எந்த நாட்டுச் சட்டத்திலும் இது சிறிய குற்றமல்ல. உமர் (ரலி) அவர்கள் கழுத்தை வெட்ட அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்களோ ஹாத்திபை அழைத்து, ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டார்கள். மக்காவில் தன் குடும்பத்துக்குப் பாதுகாப்பான உறவினர் எவரும் இல்லை, குறைஷிகளுக்கு ஒரு உபகாரம் செய்தால் அவர்கள் குடும்பத்தைக் காப்பார்கள் என்று நினைத்தேன், மார்க்கத்தை விட்டு நான் மாறவில்லை என்றார் அவர். அவர் சொன்னது உண்மை என்று நபியவர்கள் ஏற்றார்கள். அவர் பத்ரில் கலந்து கொண்டவர் என்பதை உமருக்கு நினைவூட்டினார்கள்.

குற்றம் மறைக்கப்பட்டதா? இல்லை. அந்தச் செயலைக் கண்டித்து இறங்கிய வசனம் (60:1) இன்றளவும் ஓதப்படுகிறது. ஆனால் அதே வசனம் ஈமான் கொண்டோரே என்று அழைத்துத்தான் கண்டிக்கிறது. செயல் கண்டிக்கப்பட்டது; ஆள் விரட்டப்படவில்லை.

தண்டனை உண்டு, உதவியும் உண்டு

மிஸ்தஹ் என்ற ஏழை முஹாஜிர், அபூபக்ர் (ரலி) அவர்களின் உறவினர். அவர்களின் உதவியில் வாழ்ந்தவர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது நயவஞ்சகர்கள் கிளப்பிய அவதூறை அவரும் சேர்ந்து பேசினார். உண்ட வீட்டு மகளின் மானத்தைப் பேசுவதை விடவா பெரிய துரோகம்? இனி உதவ மாட்டேன் என்று அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தார்கள். எந்தத் தகப்பன்தான் செய்ய மாட்டான்?

ஆனால் அப்படிச் சத்தியம் செய்ய வேண்டாம், மன்னித்து விடுங்கள் என்று வசனம் (24:22) இறங்கியது. நின்றுபோன உதவி மீண்டும் தொடர்ந்தது. அவதூறுக்கான 80 கசையடி பெற்றவர்களில் மிஸ்தஹும் ஒருவர் என்று ஹதீஸ் நூல்களில் வருகிறது. தண்டனையும் உண்டு, உதவியும் உண்டு! இந்த நீதி நம் எந்த ஜமாஅத்தில் இருக்கிறது?

நாம் செய்வது என்ன?

நாம் விசாரிப்பதில்லை, தீர்ப்பு மட்டும் சொல்கிறோம். யாரோ ஒருவர் அனுப்பிய குரல் பதிவு இஷாவுக்குப் பின் வாட்ஸ்அப்பில் வருகிறது. ஃபஜ்ருக்குள் ஒருவர் துரோகியாகி விடுகிறார். அடுத்த தரப்பின் பள்ளிக்கு 'ளிரார் பள்ளி' என்று துணிந்து பெயர் சூட்டுகிறோம். மதீனாவின் அந்தப் பள்ளி எதற்காகக் கட்டப்பட்டது என்பதை வஹீ அறிவித்தது. நமக்கு வஹீ வருகிறதா?

1992 டிசம்பர் 6-ல் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டது. அந்த வேதனைக்கு நடுவே 1994-ல் முஸ்லிம் லீகிலிருந்து பிரிந்து சுலைமான் சேட் சாஹிப் இந்திய தேசிய லீகைத் தொடங்கினார். தமிழகத்தில் 1995-ல் தோன்றிய தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்திலிருந்து 2004-ல் தவ்ஹீத் ஜமாஅத் பிரிந்தது. யார் பக்கம் நியாயம் என்பதில் உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும், எங்களுக்கும் இருக்கும். இருக்கட்டும். கொள்கைக்காகப் பிரிவது குற்றமல்ல. பிரிந்த பிறகு நேற்றுவரை தோளோடு தோள் நின்றவரின் குடும்பத்தையும் மானத்தையும் தெருவுக்கு இழுப்பதுதான் குற்றம். அதற்கு எந்தக் கொள்கையில் ஆதாரம் இருக்கிறது?

இதை எழுதுகிறவனும் உத்தமன் அல்ல. எங்கள் மஹல்லாவில் கணக்குக் கேட்டதற்காக எனக்கு எதிராக ஒரு மனு போனது. அதில் முதல் கையெழுத்து என் இருபது வருட நண்பருடையது. பேச்சை நிறுத்தினேன். பிறகு அவருடைய தாயார் மவுத்தானார்கள். என் கைக்குச் சோறு போட்ட தாய்! நான் ஜனாஸாவுக்குப் போகவில்லை. மறுவருடம் என் தகப்பனார் மவுத்தானபோது அவர் வந்தார். யாரிடமும் பேசாமல் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தார், கப்ரில் மூன்று பிடி மண் போட்டார், போய்விட்டார். அந்த மனு அநியாயம் என்று நான் இன்றும் சொல்வேன். ஆனால் இருவரில் அன்று தோற்றது யார் என்பது எனக்குத் தெரியும்.

எனவே சகோதரர்களே! கணக்குக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரை நேரில் உட்கார வைத்து, அவர் வாயால் பதிலைக் கேளுங்கள். குற்றம் உறுதியானால் பொறுப்பிலிருந்து இறக்குங்கள். கையாடிய பணத்தைத் திரும்ப வாங்குங்கள். ஆனால் அவர் வீட்டு நிக்காஹுக்குத் தஃப்தரை மறுக்காதீர்கள். மையவாடியில் இடம் மறுக்காதீர்கள். ஸலாமை மறுக்காதீர்கள்.

வருகிற ஜும்ஆவில் ஸஃப்பில் நிற்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். அவர் நீங்கள் பேசாமல் இருக்கும் அந்த மனிதராக இருந்தால், ஸலாம் கொடுத்த கையோடு எழுந்து ஓடாதீர்கள். ஒரு நிமிடம் உட்காருங்கள். யார் முதலில் பேசுவது என்று காத்திருக்காதீர்கள்.

நீங்களே பேசுங்கள்!