128000 என்று மாற்றினால் இன்டர்நெட் பறக்குமா?

சில மாதங்களுக்கு முன் சித்தப்பாவின் மளிகைக் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். பழைய பில் பிரிண்டர் நன்றாகவே இருந்ததால் அதை மாற்றவில்லை. அது சீரியல் கேபிளில் இயங்கும் பிரிண்டர். புதுக் கம்ப்யூட்டரில் சீரியல் போர்ட் கிடையாது. எனவே யு.எஸ்.பி.யில் செருகும் கன்வெர்ட்டர் கேபிள் ஒன்றை வாங்கி இணைத்துக் கொடுத்தேன். பில் ஒழுங்காக வந்தது.

மூன்றாவது வாரம் போன் வந்தது. "ஏம்ப்பா, பில்லுல அரிசி பருப்புக்குப் பதிலா கேள்விக்குறியும் பூச்சி பூச்சியா ஏதோ எழுத்தும் வருது. பிரிண்டர் போயிடுச்சாம், புதுசு வாங்கச் சொல்றாங்க" என்றார்.

நேரில் போய் விசாரித்தேன். இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது என்று ஒருவரை அழைத்திருக்கிறார். வந்தவர் 'ஸ்பீடு செட்டிங்' செய்துவிட்டு 300 ரூபாய் வாங்கிப் போயிருக்கிறார். என்ன செய்தார் என்று தேடியபோது கிடைத்தது இதுதான். டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் பிரிவில் இருந்த ஒரே காம் போர்ட்டின் புரொப்பர்ட்டீஸைத் திறந்து, போர்ட் செட்டிங்ஸில் 9600 என்று இருந்ததை 128000 ஆக்கியிருக்கிறார். பிரிண்டர் விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் கேட்டுக்கொண்டிருக்க, கம்ப்யூட்டர் 128000 பிட் வேகத்தில் பேசியிருக்கிறது. பூச்சி எழுத்து வராமல் என்ன செய்யும்? பழையபடி 9600 வைத்தேன். பில் வந்துவிட்டது. அதற்குள் இரண்டு நாள் கையால் பில் எழுதியிருக்கிறார்.

வந்தவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? இந்த 'டிப்ஸ்' பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு காலத்தில் அதில் பாதி உண்மையும் இருந்தது. டயல்-அப் காலத்தில் வெளியில் வைக்கும் மோடம் சீரியல் போர்ட்டில்தான் இணைந்திருக்கும். 56 கே மோடம் தகவலைச் சுருக்கி அனுப்பிப் பெறும் என்பதால், போர்ட் வேகத்தை அதைவிடக் கூடுதலாக, 115200 என்று வைப்பது சரியான யோசனைதான். இன்று உங்கள் இன்டர்நெட் வைஃபை வழியாகவோ லேன் கேபிள் வழியாகவோ வருகிறது. அந்தப் பாதையில் காம் போர்ட்டே கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 128000 பிட் என்பது ஒரு மெகாபிட்டில் எட்டில் ஒரு பங்குதான். 40 மெகாபிட் பிராட்பேண்ட் அதைப்போல 300 மடங்குக்கும் மேல். உண்மையிலேயே இன்டர்நெட் அந்த வழியாகப் போயிருந்தால் நாம் அழுதிருப்போம்.

இன்னொரு வேடிக்கை. 1981ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் வழிவந்த பழைய சீரியல் போர்ட்டில் விநாடிக்கு 18,43,200 முறை துடிக்கும் கடிகாரம் இருக்கும். அதை 16 ஆல் வகுத்தால் 115200. அதுதான் அந்த வகை போர்ட்டின் உச்சம். 9600 வேண்டுமானால் அதை மேலும் 12 ஆல் வகுக்கும். 128000 என்பது அந்தச் சிப்பால் எட்ட முடியாத வேகம்! பட்டியலில் மட்டும் இருக்கிறது.

என் கோபம் ஆப்பரேட்டிங் சிஸ்டம்கள் மீதுதான். கம்பியில் என்ன மாட்டியிருக்கிறது என்று தெரியாமலே விண்டோஸ் 9600 என்று காட்டுகிறது. சில சாப்ட்வேர்கள் அதை மதிக்காமல் தாங்களே ஒரு வேகத்தை வைத்துக்கொள்கின்றன. சில சாப்ட்வேர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்கின்றன. பார்ப்பவருக்கு எது எது என்று எப்படித் தெரியும்? 'இது இன்டர்நெட் வேகம் அல்ல, எதிர்முனைக் கருவியின் வேகத்தோடு பொருந்த வேண்டும்' என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடும்?

லினக்ஸ் இன்னும் ஒரு படி மேல். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். பெரும்பாலும் கருப்புத் திரை ஒன்று வரும். அதுதான் விர்ச்சுவல் டெர்மினல். லாகின் செய்து 'எஸ்டிடிஒய்' கட்டளையைக் கொடுத்தால் வேகம் 38400 பாட் என்று சொல்லும். எந்தக் கம்பியில் 38400? அங்கே கம்பியே இல்லை, திரையும் கீபோர்டும்தான். அதை 300 என்று மாற்றுங்கள். சரி என்று ஏற்றுக்கொள்ளும், ஆனால் எழுத்து ஒரு துளிகூட மெதுவாகாது.

ஆபீசில் இதைச் சொன்னபோது சீனியர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. 1969ல் யுனிக்ஸ் பிறந்த நாட்களில் டெர்மினல் என்றால் டெலிடைப் இயந்திரம். மாடல் 33 என்ற டெலிடைப் 110 பாட் வேகத்தில் விநாடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். பிறகு திரை வந்தபோதும் வேகத்தைப் பார்த்துத்தான் சாப்ட்வேர் நடந்துகொண்டது. வி.ஐ. எடிட்டர் 600 பாட் வரை எட்டு வரியும், 1200 பாட் என்றால் பதினாறு வரியும், அதற்கு மேல் முழுத் திரையும் காட்டும்படி எழுதப்பட்டது. அப்படிப்பட்ட சாப்ட்வேர் கேட்கும்போது ஏதாவது எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பூஜ்யம் சொல்ல முடியாது. யுனிக்ஸில் பூஜ்யம் பாட் என்றால் 'லைனைத் துண்டி' என்று பொருள். அதனால் பழைய பட்டியலின் கடைசி எண்ணான 38400ஐச் சொல்லிவிடுகிறது.

சாப்ட்வேருக்கு அந்தப் பொய்யைச் சொல்லட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை. மனிதர் கேட்கும்போது 'இங்கே வேகம் பொருந்தாது' என்று சொல்லலாமே என்பதுதான் என் வாதம். சீனியர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் யாராவது இந்த எண்ணை மாற்றியிருந்தால் பயப்பட வேண்டாம். அதே இடத்தில் ரீஸ்டோர் டிபால்ட்ஸ் என்ற பட்டன் இருக்கிறது. அழுத்தினால் 9600க்குத் திரும்பிவிடும். பில் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் முதலில் பிரிண்டரின் வேகத்தைப் பாருங்கள். பல பிரிண்டர்களில், ஆஃப் செய்து, ஃபீட் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஆன் செய்தால் ஒரு சோதனைத் தாள் வரும். சீரியல் பிரிண்டர் என்றால் அதன் பாட் ரேட் பொதுவாக அதிலேயே அச்சாகியிருக்கும். கம்ப்யூட்டரிலும் அதே எண்ணை வையுங்கள்.

சித்தப்பா கடையில் அந்தத் தாளையே பிரிண்டர் மேல் ஒட்டிவைத்தேன். இன்டர்நெட் மெதுவாக இருந்ததற்குக் காரணம், வைஃபை பெட்டியை இரும்பு ரேக்குக்குப் பின்னால் வைத்திருந்தது. வெளியே எடுத்து வைத்ததும் சரியாகிவிட்டது. 300 ரூபாய் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.