விலையும் விலகலும்: பேரங்காடி நுகர்வு பற்றிய ஒரு கண்டன நோக்கு

வாணிப வரலாற்றிலே 1844ஆம் ஆண்டு இரு வேறுபட்ட தொடக்கங்களுக்கு உரியது. அவ்வாண்டிற் கண்டி மாநகரில் வில்லியம் மில்ன் என்பார் தொடங்கிய வணிக நிறுவனமே பின்னாளிற் கார்கில்ஸ் என்னும் பெயர்பெற்று வளர்ந்தது. அதே ஆண்டு டிசெம்பர் 21ஆம் நாள், இங்கிலாந்தின் றொச்டேல் நகரிலே, நெசவாளர் முதலிய 28 தொழிலாளர் தம் சிறு சேமிப்பை ஒன்றுதிரட்டி ஒரு கடையைத் திறந்தனர். மாவும் வெண்ணெயும் சீனியும் மெழுகுதிரியுமே அக்கடையின் ஆரம்பச் சரக்குகள். கலப்படமற்ற பண்டம், குறையாத நிறை, வாங்கிய அளவுக்கேற்ப இலாபத்திற் பங்கு என்பனவே அதன் கொள்கைகள். முன்னையது காலனித்துவ இலங்கையின் துரைமாருக்குப் பண்டம் வழங்கிய மரபைத் தோற்றுவித்தது. பின்னையது கூட்டுறவு இயக்கமாக உலகெங்கும் பரவி, 1911ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டளைச் சட்டத்தின் வாயிலாக இலங்கையையும் வந்தடைந்தது.

இவ்விரு மரபுகளுள் இன்றைய கற்றோர் குழாத்தின் உள்ளத்தைக் கவர்ந்து நிற்பது எது என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. 1983ஆம் ஆண்டு கொழும்பு ஸ்டேபிள் வீதியிலே முதலாவது கார்கில்ஸ் பூட் சிற்றி திறக்கப்பட்டது. இன்று 'பூட்சிற்றி' என்பது யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிற் சுப்பர் மார்க்கெற் என்பதன் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. விலை சற்றுக் கூடினும் அங்கு வாங்குவதே அறிவுடைமை என்பது மத்தியதர வர்க்கத்தின் வேதவாக்காகவும் மாறியுள்ளது. கொடுக்கும் மேலதிக விலைக்கு ஈடான பயன் கிடைக்கின்றதா என்னும் வினாவும், அவ்விலையை உண்மையிற் செலுத்துவோர் யாவர் என்னும் வினாவும் ஒருங்கே ஆராயப்படவேண்டியவை.

முதற்கண் பேரங்காடியின் பிறப்பு வரலாறு மனங்கொள்ளத்தக்கது. கடைக்காரரிடம் கேட்டுப் பெறாது, வாங்குவோரே தட்டுக்களிலிருந்து பண்டங்களை எடுத்துக்கொள்ளும் முறையை 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலே கிளாரன்ஸ் சோண்டர்ஸ் தமது பிக்லி விக்லி கடையில் நடைமுறைப்படுத்தினார். 1930ஆம் ஆண்டிலே, பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவில், மைக்கல் கலன் நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் கிங் கலன் என்னும் அங்காடியைத் திறந்தார். வாகனத் தரிப்பிடமாயிருந்த பழைய கட்டடம் ஒன்றிலே பண்டங்களை மலைபோற் குவித்து மலிவாக விற்பதே அவர்தம் உத்தி. பண்டத்தை எடுத்துக் கொடுக்கும் ஊழியனின் வேலையை வாங்குவோன் தானே செய்வதால் மிஞ்சிய கூலி, விலைக்குறைப்பாக அவனிடமே ஓரளவு திரும்பியது. எனவே பேரங்காடி தன் பிறப்பிடத்தில் வறியோரின் மலிவுக்கடையாகத் தோன்றியது எனலாம்.

இலங்கையிலோ அது தலைகீழாக வந்து சேர்ந்தது. 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கையின் பின்னர், 1979இல் அரிசிப் பங்கீடு நீக்கப்பட்டு உணவு முத்திரை புகுத்தப்பட்ட காலத்தை அடுத்து, தலைநகரின் வசதி படைத்தோருக்கான கடையாகவே அது தோற்றம் பெற்றது. வாங்குவோன் கூடையைத் தானே சுமக்கின்றான். பண்டத்தைத் தானே தேடுகின்றான். தானே வரிசையில் நிற்கின்றான். இருந்தும் மலிவு கிடைப்பதற்குப் பதிலாகக் குளிரூட்டிய காற்றுக்கும் பளிங்குத் தரைக்கும் சேர்த்தே அவன் பணம் கொடுக்கின்றான். வேலையையும் செய்து அதற்கு மேலதிகக் கட்டணமும் செலுத்தும் இவ்விசித்திரத்தை 'நவீனத்துவம்' என்று பாராட்டுவோர் அச்சொல்லின் பொருளை மீண்டும் சிந்திப்பது நன்று.

அங்குள்ள எல்லாப் பண்டங்களும் விலைகூடியவை என்று வாதிடுவது உண்மைக்குப் புறம்பானதாகும். சவர்க்காரம், பால்மா, விசுக்கோத்து முதலிய பொதிசெய்த பண்டங்களில் உச்ச சில்லறை விலை அச்சிடப்பட்டுள்ளது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, குறித்த விலைக்கு மேல் விற்றல் குற்றம். ஆகவே இவற்றைப் பொறுத்தவரை ஒழுங்கைமுகப்புப் பெட்டிக்கடைக்கும் பேரங்காடிக்கும் விலையில் வேற்றுமை இருத்தற்கு நியாயமில்லை. சில வேளைகளிற் பேரங்காடி கழிவும் வழங்குகின்றது. வேற்றுமை காணப்படுவது பெரும்பாலும் மரக்கறி, பழம், மீன் முதலியவற்றிலும், சாதாரண பருப்பையும் பயறையும் அழகிய பொதியிலிட்டுப் பெயர்சூட்டி விற்பதிலுமே. இன்னொரு வேற்றுமை விலைப்பட்டியலிற் புலப்படுவதில்லை. அன்றாடத் தேவையான பாலும் முட்டையும் பெரும்பாலும் கடையின் உட்கோடியிலும், இனிப்புப் பண்டங்கள் பணம் செலுத்துமிடத்திற் குழந்தையின் கண்மட்டத்திலும் வைக்கப்படுவது தற்செயலன்று. இரண்டு பொருள் வாங்கச் சென்றவன் ஏழு பொருளுடன் திரும்புவானாயின், ஒவ்வொன்றும் நியாய விலையினதாயினும் அவன் செலவு நியாயமானதன்று.

இனிப் பேரங்காடிக்குச் சார்பாகக் கூறப்படும் வாதங்களை நோக்கலாம்.

சுத்தமும் குளிரூட்டலும் என்பது முதலாவது வாதம். மீன், இறைச்சி, தயிர் ஆகியவற்றைப் பொறுத்தவரை இதன் வலிமையை மறுத்தல் இயலாது. வெப்ப நாடொன்றிலே ஐஸ் உருகியோடும் பலகையில் நண்பகல்வரை கிடக்கும் மீனைவிடக் குளிர்ப்பெட்டியில் உள்ள மீன் பாதுகாப்பானது. ஆயின் வெண்டிக்காய்க்கும் கீரைப்பிடிக்கும் இவ்வாதம் அவ்வாறே பொருந்தாது. விடியற்காலையிற் பிடுங்கி முற்பகலில் திருநெல்வேலிச் சந்தைக்கோ சுன்னாகச் சந்தைக்கோ வரும் கீரைக்குக் குளிரறை செய்யும் உபகாரம் சிறிது. மேலும் சுகாதாரம் என்பது பணங்கொடுத்து வாங்கும் ஆடம்பரப் பொருளன்று. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் எல்லா விற்பனையாளரையும் கட்டுப்படுத்துவதாகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எல்லோருக்கும் பொதுவானவர். சட்டம் உரிமையாக வழங்கியதைச் சந்தையிற் கேட்டுப்பெறாது, அங்காடியில் விலைக்கு வாங்குவோர் ஒரே பொருளுக்கு இருமுறை விலை கொடுக்கின்றனர். முதலில் வரியாக, பின்னர் விலையாக.

நிலையான விலை, சரியான நிறை என்பது இரண்டாவது வாதம். தராசுத் தட்டிற் கைவைக்கும் வியாபாரியும் முகம்பார்த்து விலைகூறும் வியாபாரியும் கற்பனைப் பாத்திரங்கள் அல்லர். எனினும் பேரம் பேசுதல் யாவும் ஏமாற்று என்பதும் பொருந்தாது. ஒரு தக்காளி, இரண்டு பச்சைமிளகாய், நூறு கிராம் சீனி என்று அன்றன்றைய கூலிக்கேற்ப அளந்து கொடுப்பது சிறுகடையே. மாதக் கடைசியிற் கொப்பியில் எழுதிக்கொண்டு அரிசி கொடுப்பதும் அதுவே. பேரங்காடியிலும் கடன் உண்டு. அது கடனட்டை வைத்திருப்போருக்கு, வட்டியுடன் வங்கி கொடுப்பது. றொச்டேல் முன்னோடிகள் கடன் விற்பனையை அடியோடு மறுத்தவர்கள் என்பது உண்மையே. ஆயினும் தொழிலாளி கடைக்காரனுக்கு அடிமையாகாதிருத்தற் பொருட்டே அவர்கள் மறுத்தனர்; மறுத்த கையோடு இலாபத்தையும் பகிர்ந்தனர். பேரங்காடி அவர்தம் கண்டிப்பை மாத்திரம் எடுத்துக்கொண்டு, பங்கை விட்டுவிட்டது. புள்ளிகள் சேரும் விசுவாச அட்டையை அப்பங்குக்கு நிகராகக் கருதுவோர், அங்கத்தவன் என்பதற்கும் வாடிக்கையாளன் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணராதவரேயாவர்.

மூன்றாவது வாதம் விவசாயியை முன்னிறுத்துவது. தரகரை நீக்கி நேரடியாகக் கொள்வனவு செய்வதாற் கமக்காரன் நன்மையடைகின்றான் என்பர். இவ்வாதம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. வடக்கின் சந்தைகளிலே நூறு கிலோ மரக்கறிக்குப் பத்துக் கிலோவைக் 'கழிவு' எனக் கழித்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டு வந்துள்ளனர். உழைப்பவனின் பத்திலொரு பங்கை வியர்வை சிந்தாத கை பறிப்பது பகற்கொள்ளை என்பதில் ஐயமில்லை. சந்தையைப் பழம்பெருமை பேசிக் காப்பாற்ற முனைவோர் இதற்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டவர்கள். ஆயினும் பேரங்காடியின் கொள்வனவும் தெரிவுக்கு உட்பட்டதே. வடிவும் அளவும் நிறமும் பொருந்தியவற்றை அது எடுத்துக்கொள்ளும். வளைந்த பயற்றங்காயும் புள்ளிவிழுந்த கத்தரிக்காயும் பொதுச்சந்தைக்கே திரும்பிச் செல்லும். அதன்பின் சந்தையிற் பண்டம் தரமற்றது என்ற குற்றச்சாட்டும் எழுப்பப்படும்! சுவையும் சத்தும் வளைவினாற் குறைவதில்லை. மேலதிக விலையின் ஒரு பகுதி வடிவத்துக்கே செலுத்தப்படுகின்றது என்பது இதனாற் பெறப்படும். 1899ஆம் ஆண்டிலே தோர்ஸ்ரீன் வெப்லன் பகட்டு நுகர்வு எனச் சுட்டியது இப்போது கத்தரிக்காய் வரை வந்துவிட்டது.

நான்காவது வாதம் அரிதாகவே வாய்விட்டுக் கூறப்படுவது; ஆயினும் யாவற்றினும் கனதியானது. பேரங்காடியில் ஒருவன் யார், எந்த ஊரவன், எந்தக் குலத்தவன் என்று எவரும் கேட்பதில்லை. தேநீர்க் கடையில் வேறு குவளை வைத்த சமூகம் இது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியும், 1960களின் பிற்பகுதியிலே தேநீர்க் கடைகளிலும் ஆலயங்களிலும் நுழைவுரிமைக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. முகமறியாக் கடையொன்று தரும் விடுதலையை அத்தகைய வரலாற்றின் பின்னணியில் எள்ளி நகையாடுதல் தகாது. எனினும் அவ்வுரிமை போராட்டத்தால் எல்லாக் கடைகளுக்கும் உரியதாக வென்றெடுக்கப்பட்டது. பேரங்காடி குலத்தைக் கேட்பதில்லை. பணப்பையை மட்டும் கேட்கின்றது. ஒரு வேலியை நீக்கிய மகிழ்ச்சியில் இன்னொரு வேலியைக் காணாதிருத்தல் அறிவாகாது.

இவ்விடத்திலேயே பிரச்சினையின் மூலவேரை அணுகுதல் கூடும். பொருளியலறிஞர் ஆல்பேர்ட் ஹேர்ஷ்மன் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், சீரழியும் நிறுவனமொன்றை எதிர்கொள்வோருக்கு இருவழிகள் உண்டென்றார்: ஒன்று விலகிச் செல்லுதல், மற்றது குரலெழுப்புதல். தரத்தை நுணுகி நோக்குவோரும் முறையிடும் ஆற்றலுடையோருமே முதலில் விலகிச் செல்வராயின், எஞ்சியிருப்போரின் குரல் வலுவிழந்து நிறுவனம் மேலும் சீரழியும் என்பது அவர் காட்டிய உண்மை. பொதுச்சந்தைக்கு இது முற்றிலும் பொருந்தும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின்படி சந்தை சபையின் பொறுப்பு. வடிகால் அடைபட்டால், கூரை ஒழுகினால், தராசு பிழைத்தால் மனு எழுதவும் தவிசாளரைக் கேள்வி கேட்கவும் பத்திரிகையில் எழுதவும் வல்லவர் யாவர்? ஆசிரியரும் எழுதுவினைஞரும் விரிவுரையாளருமே. அவர்கள் அனைவரும் குளிரூட்டிய அங்காடிக்குக் குடிபெயர்ந்த பின்னர், சேற்றில் நிற்பவள் கீரை விற்கும் கிழவியும் அவளிடம் வாங்கும் கூலித் தொழிலாளியும் மாத்திரமே. உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்து, அடுத்த தேர்தல் 2025 மே மாதத்தில் நடைபெறும்வரை, ஈராண்டுக்கு மேலாகப் பெரும்பாலான சந்தைகள் மக்கள் பிரதிநிதிகள் இன்றியே இயங்கின. அவ்வெற்றிடம் உறுத்தவேண்டிய நெஞ்சங்கள் பல அதற்கு முன்னரே சந்தையை விட்டு நீங்கியிருந்தன.

இவ்வாறு நோக்கும்போது, மேலதிக விலையைச் செலுத்துவோர் இருசாரார் என்பது தெளிவாகும். ஒருவர் பணமாகச் செலுத்துகின்றார். மற்றவர் சீரழிந்த சந்தையாகச் செலுத்துகின்றார். குடும்பம் வறியதாக ஆக, செலவில் உணவின் பங்கு கூடும் என்பது ஏர்ன்ஸ்ட் எங்கல் 1857ஆம் ஆண்டிலேயே கண்ட விதி. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 2022 செப்ரெம்பரில் 94.9 சதவீதத்தை எட்டியபோது, அவ்விதி பாடநூலிலிருந்து இறங்கி அடுப்பங்கரைக்கு வந்தது. அத்தகைய நெருக்கடியில் வறியோருக்கு ஒரு நாட்டின் உணவுப் பாதுகாப்பு என்பது பொதுச்சந்தையும் சங்கக்கடையும் சிறுகடையுமேயன்றி வேறன்று. அவற்றைக் கைவிடுவோர் தமக்கு வசதி தேடுவதாக எண்ணிக்கொண்டு பிறரின் பாதுகாப்பைக் குலைக்கின்றனர்.

'அவரவர் பணம், அவரவர் விருப்பம்' என்று இதற்கு மறுமொழி கூறப்படலாம். நோயாளிக்கும் முதியோருக்கும், வேலை முடிந்து இரவிலே வீடு திரும்பும் பெண்ணுக்கும் பேரங்காடி உதவுவது உண்மை. அவர்கள் கொடுக்கும் விலை நேரத்துக்கும் பாதுகாப்புக்குமான விலை. கண்டனத்துக்குரியது அத்தேவையன்று, அத்தேவை இல்லாதோர் அதனைப் போர்வையாகக் கொள்வதே. இலவசக் கல்வியின் பயனாகக் கமக்காரர் வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்தோர், தந்தையர் மூட்டையிறக்கிய சந்தையை நாகரிகமற்றதெனக் கருதி ஒதுங்குவது விருப்பம் என்னும் சொல்லுக்குள் அடங்கிவிடுவதன்று.

சந்தையை உள்ளபடியே போற்றுமாறு எவரும் கோரவில்லை. முத்திரையிட்ட பொதுத்தராசு, நாளாந்த விலைப்பலகை, மீனுக்கும் இறைச்சிக்கும் குளிரறை, தூய மலசலகூடம், பத்துவீதக் கழிவின் முற்றான ஒழிப்பு ஆகிய ஐந்தும் எந்தப் பிரதேச சபைக்கும் எட்டாத கனவுகள் அல்ல. பல்கலைக்கழக வாயில்களுக்குள்ளேயே மாணவரும் ஊழியரும் அங்கத்தவராயுள்ள கூட்டுறவுக் கடையொன்றை நேர்மையாக நடத்திக்காட்டுவதும் இயலாததன்று; 28 தொழிலாளர் செய்ததை ஆயிரக்கணக்கான பட்டதாரிகள் செய்ய முடியாதெனின், கற்ற கல்வியின் பெறுமதியே கேள்விக்குரியதாகும்.

முடிவாகக் கூறுமிடத்து, பேரங்காடியின் மேலதிக விலை சில பண்டங்களுக்குத் தகும், சிலருக்குத் தகும், ஒரு வர்க்கத்தின் வாழ்க்கை முறையாக அது தகாது. தரமான உணவு வேண்டுமென்னும் விருப்பம் நியாயமானது. அவ்விருப்பம் பணப்பையின் வழியே வெளிப்படுமாயின் ஒரு குடும்பத்தின் கூடை நிறையும். குரலின் வழியே வெளிப்படுமாயின் ஓர் ஊரின் சந்தை சீர்பெறும். கற்றோரிடம் சமூகம் எதிர்பார்ப்பது இவற்றுள் எது என்பதனைக் கற்றோரே தீர்மானித்தல் வேண்டும்.